கலைச்சொல் தேவை: உணவு மாசு இடர் மதிப்பீட்டில் ‘சிமுலேஷன்’

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். உணவு நுண்ணுயிரியல் பாடநூலின் ஓர் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உணவில் பாக்டீரியா கலந்தால் நோய் வரும் வாய்ப்பை மாண்டி கார்லோ முறையில் (எண்களைத் தற்செயலாக எடுத்துப் பலமுறை கணக்கிடும் முறை) கணக்கிடும் பகுதி அது. ‘ரிஸ்க்’குக்கு ‘இடர்’ என்று போட்டிருக்கிறேன். ‘சிமுலேஷ’னுக்கு இதுவரை ‘உருவகப்படுத்தல்’. மாணவருக்கு உருவக அணி நினைவுக்கு வருமோ என்று தயக்கம்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்:
வேலை என்னவென்று பார்த்தால் சொல் தானே அமையும். சமைத்துப் பொதியிட்ட இறைச்சியில் லிஸ்டீரியா என்னும் நோய்தரும் பாக்டீரியா இருப்பதாகக் கொள்வோம். தொடக்க எண்ணிக்கை, குளிர்பெட்டி வெப்பநிலை, வைத்திருந்த நாள்கள், உண்ணும் அளவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பரவல் (எந்த மதிப்பு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற கணக்கு) உண்டு. ஒரு சுற்றில் ஒவ்வொரு பரவலிலிருந்தும் ஓர் எண்ணை எடுக்கிறோம். வெப்பநிலையிலிருந்து வளர்வீதமும், அதிலிருந்து உட்கொள்ளும் எண்ணிக்கையும், அதிலிருந்து நோய் வாய்ப்பும் வருகின்றன. இப்படி 10,000 சுற்று. லிஸ்டீரியா 4 டிகிரியிலும் மெதுவாக வளரும் என்பதால் வெப்பநிலைப் பரவலில் கவனக்குறைவு கூடாது. நாள்களையும் வெப்பநிலையையும் தொடர்பில்லாமல் எடுத்தால் ‘12 டிகிரியில் 30 நாள்’ போன்ற சுற்றுகள் வந்துவிடும். அந்த இறைச்சி அதற்கு முன்பே கெட்டுக் குப்பைக்குப் போயிருக்கும். கணக்கு மட்டும் அதை ஒருவருக்குப் பரிமாறிக்கொண்டிருக்கும்.

இலக்கண ஆசிரியர்:
‘போலச்செய்தல்’ என்பது பொருத்தம். முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று ‘போலி’ இலக்கணத்தில் மதிப்பான சொல். ‘இடர்’ பற்றியும் ஒன்று: குறள் 624இல் ‘இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து’ என்கிறார் வள்ளுவர். அங்கே இடர் என்பது வந்துவிட்ட துன்பம். ‘இடராழி’ (துன்பக் கடல்) என்பதும் அப்படியே. இனி வரக்கூடியதற்கு அது பொருந்துமா? இடு, இடுக்கு, இடுக்கண், இடும்பை என்று வேரைத் தொடர்ந்தால் நெருக்கம், ஒடுக்கம் என்னும் பொருளே...

நுண்ணுயிரியல் ஆசிரியர்:
ஐயா, வேர் வரைக்கும் போனால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். பாக்டீரியாவைத் ‘தீங்குக் காரணி’ என்றும், தீங்கின் வாய்ப்பும் கடுமையும் சேர்ந்ததை ‘இடர்’ என்றும் பிரித்துவிட்டால் போதும். ‘போலி’ மட்டும் வேண்டாம். உணவுப் பாடத்தில் ‘போலி’ என்று கண்டாலே கலப்படம் என்று படிப்பார்கள்.

புள்ளியியலாளர்:
‘சிமுலேஷ’னுக்குப் ‘பாவனை’ பழகிய சொல்தானே? ‘மாதிரி’ பற்றியும் முடிவு செய்யுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பும் உணவும் மாதிரி, கணக்கின் வடிவமும் மாதிரி என்றால் ‘மாதிரியில் பாக்டீரியா இல்லை’ என்ற வரி எதைச் சொல்கிறது? சோதித்த 25 கிராமில் கிடைக்கவில்லை என்பது சுழியம் ஆகாது. சுழியம் என்று போட்டால் இடர் குறைந்து காட்டும்.

இலங்கை உறுப்பினர்:
எங்கள் பக்கம் ‘பாவனை’ என்றால் பயன்பாடு. ‘உணவுப் பாவனை’யை நாங்கள் உணவு நுகர்வு என்றுதான் வாசிப்போம். அதுவும் இந்தக் கணக்கில் வரும் இன்னொரு எண். தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ‘ஒப்புருவாக்கம்’ நல்லது.

புள்ளியியலாளர்:
சரி. ஆனால் ‘சராசரி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். 100 பொதிகளில் 99இல் கிராமுக்கு 1, ஒன்றில் 10,00,000 என்றால் கூட்டுச் சராசரி ஏறத்தாழ 10,000. மடக்கைகளின் (10 அடிமானம்) சராசரி 0.06; அதை எண்ணிக்கையாக மாற்றினால் 1ஐச் சற்றே தாண்டும். நோய் அந்த ஒரு பொதியில் இருக்கிறது. அதேபோல் ஓர் உணவுப் பங்குக்கு 0.1 பாக்டீரியா என்று வந்தால், பத்தில் ஒரு துண்டு பாக்டீரியா என்று பொருளில்லை. பாய்சான் பரவலின்படி (தற்செயலாகச் சிதறியவற்றின் எண்ணிக்கைக்கான பரவல்) ஏறத்தாழ 9.5 விழுக்காடு பங்குகளில் ஒன்றோ அதற்கு மேலோ இருக்கும். மற்றவற்றில் ஒன்றுமே இராது.

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. ‘ஒப்புருவாக்கம்’, ‘இடர்’, ‘தீங்குக் காரணி’ என்று வைத்துக்கொள்கிறேன். உணவுக்கு ‘மாதிரி’, கணக்குக்கு ‘மாதிரியுரு’. எதிர்ப்பு இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள்.

இலக்கண ஆசிரியர்:
பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன், ‘ஒப்புருவாக்கம்’ தவிர. ஒப்பும் உருவும் பொருளுக்குரியவை. இங்கே நடப்பது செயல். ‘போலச்செய்தல்’ அடிக்குறிப்பிலாவது வரட்டும்.

புள்ளியியலாளர்:
இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். பொதிக்குப் பொதி உள்ள வேறுபாடு ‘மாறுபாடு’. நாம் அறியாததால் வருவது ‘உறுதியின்மை’. கூடுதல் அளவீடு இரண்டாவதைத்தான் குறைக்கும். கைப்படியில் இரண்டுக்கும் ‘மாறுபாடு’ என்றே இருக்கிறது. அப்படியே அச்சானால் இயலின் இரண்டாம் பாதி தவறாகிவிடும்.