புளூ ஜேஸ் 2025: இன்றும் உங்களை உறங்க விடாத கணம் எது?

மோர்னிங்சைட் வாசி

நவம்பர் 1ஆம் திகதி இரவு பேஸ்போல் உலகத் தொடரில் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்றதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆகையால் ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, 4-4, மூன்று பேஸ்களிலும் ஆட்கள், ஒருவர் மட்டும் ஆட்டமிழந்திருக்கிறார், எங்கள் வார்ஷோ அடித்த பந்து தரையோடு தரையாக டொட்ஜர்ஸின் ரோகாஸிடம் போகிறது. நான் இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறேன்.

எங்கள் பேஸ்மென்டில் பதினொரு பேர் இருந்தோம். என் மாமனார் வாழ்நாள் முழுவதும் கிரிக்கெட் பார்த்தவர். பேஸ்போலை ஒக்டோபர் மாதத்தில்தான் எங்களோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். ரோகாஸ் தடுமாறிப் பின்னால் சாய்ந்தபடியே பந்தை, ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். கேட்சர் வில் ஸ்மித்தின் கால் பிளேட்டிலிருந்து எழும்பி மறுபடியும் பதிந்தது. மூன்றாம் பேஸில் நின்ற எங்கள் கைனர்-ஃபலேஃபா சறுக்கி வந்து சேர்ந்தார். நடுவர்கள் ஒளிப்பதிவை மீண்டும் பார்த்து, ஆட்டமிழப்பு என்ற முடிவை உறுதிசெய்தார்கள். அறையில் எவரும் பேசவில்லை. அப்போதுதான் மாமா மெதுவாகக் கேட்டார்: “மறுமுனையில் நிற்கிற துடுப்பாட்டக்காரன்கூட பந்து போடும்போது ரெண்டு எட்டு முன்னுக்கு வந்து நிப்பானே தம்பி, இவர் ஏன் மூலையோட ஒட்டிக்கொண்டு நிண்டவர்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றுவரை இல்லை. இன்னும் ஓர் எட்டு முன்னால் நின்றிருந்தால் 1993க்குப் பிறகு முதல் தடவையாகக் கிண்ணம் இந்த நகரத்துக்கு வந்திருக்கும்.

மிட்லண்ட் மருமகள்

மேலே எழுதியவரின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் கைனர்-ஃபலேஃபாவின் பெயரை அந்த ஓர் எட்டோடு மட்டும் சேர்த்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு அவருடைய பெயர் நினைவூட்டுவது தீபாவளி இரவைத்தான்.

ஒக்டோபர் 20, உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் சியாட்டில் மரினர்ஸுடனான ஏழாவது ஆட்டம். அதே நாள் தீபாவளியாக அமைந்ததால் மாமியார் வீட்டில் குடும்பம் முழுவதும் கூடியிருந்தது. ஆண்கள் வரவேற்பறையிலும் பெண்கள் அடுக்களையிலும் என்று வழக்கம்போல் பிரிந்திருந்தோம், ஏழாவது இன்னிங்ஸ் வரும்வரை. அப்போது 3-1 என்று பின்னால் நின்றோம். முதலில் பார்ஜர் நான்கு பந்துகளை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். அடுத்து வந்து அடித்துத் தப்பியவர் யார் என்பதை நினைத்துப் பாருங்கள்: இதே கைனர்-ஃபலேஃபா. ஹிமெனெஸ் பந்தை மெல்லத் தட்டித் தன்னைப் பலிகொடுத்து இருவரையும் ஒவ்வொரு பேஸ் முன்னால் நகர்த்தினார். அதன் பின்னர்தான் ஸ்பிரிங்கர் வந்தார்.

நான் கையில் பயித்தம் பணியாரத் தட்டோடு கதவருகில் நின்றேன். மட்டையில் பட்ட ஓசை கேட்டதும் மாமியாரின் தாயார், எண்பத்தாறு வயது, ஊன்றுகோலை விட்டுவிட்டு எழுந்து நின்றார். பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டி விழும்வரை அவர் அமரவில்லை. எங்கள் வீட்டில் எவரும் தட்டைப் பிடிக்கவில்லை; பணியாரம் கம்பளம் முழுவதும் உருண்டது. 4-3. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு உலகத் தொடர். அந்த ஓட்டங்களில் ஒன்றை ஓடியவரை ஒரே ஓர் எட்டுக்காகத் தூக்கில் ஏற்றாதீர்கள்.

இரவுப் பணியாள்

என்னுடைய கணத்தை எவரும் பாராட்டப் போவதில்லை, ஏனெனில் அது தோற்ற ஆட்டம். லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், பதினெட்டு இன்னிங்ஸ். நான் பிரம்டனில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறேன். காதில் ஒற்றைக் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு வானொலி வர்ணனையைக் கேட்டபடி பெட்டிகளை அடுக்கினேன். பத்து மணி இடைவேளையில் எங்கள் கேர்க் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தது தெரியும். நள்ளிரவு இடைவேளையில் 5-5. இரண்டு மணி இடைவேளையிலும் 5-5தான். டொட்ஜர்ஸின் ஓட்டானி அன்று ஒன்பது தடவை பேஸை அடைந்தார். அவற்றில் நான்கு நாங்களாகவே பயந்து அவரை நடக்க விட்டவை. எங்கள் எரிக் லாவர் இன்னிங்ஸ் இன்னிங்ஸாக ஒரு ஓட்டமும் கொடுக்காமல் வீசிக்கொண்டே போனார். அந்த மனிதருடைய கையைப் பற்றி இங்கு எவராவது பேசுகிறீர்களா?

இரண்டே முக்காலைத் தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். டொட்ஜர்ஸின் ஃப்ரெட்டி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்தார். வர்ணனையாளரின் குரல் உயர்ந்து உடனே தாழ்ந்ததிலிருந்தே புரிந்துவிட்டது. எதிரே பாரந்தூக்கியை ஓட்டிவந்த பஞ்சாபி நண்பர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியின் விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றினார். அவரும் ஒரு காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆறரை மணிநேரத்துக்கும் மேலாக ஒரே ஆட்டத்தை இருவரும் தனித்தனியே கேட்டிருக்கிறோம். மறுநாள் இரவு 6-2 என்று வென்று தொடரைச் சமப்படுத்தினோம் என்பது வேறு விடயம்.

ஸ்கைடோம் காலத்தவன்

இளையவர்கள் எல்லோரும் கதையை ஒக்டோபரில் தொடங்குகிறீர்கள். 2024இல் இதே அணி 74 வெற்றி, 88 தோல்வி என்று தன் பிரிவில் கடைசியாக நின்றது. ஏப்ரலில் குவெரேரோ ஜூனியருக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுத்தபோது இங்கேயே எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. மே மாத இறுதியில் எங்கள் பிரிவிலுள்ள நியூயோர்க் யாங்கீஸுக்கு எட்டு ஆட்டங்கள் பின்னால் இருந்தோம்.

அந்த நிலையை நம்பித்தான் நான் பிழை செய்தேன். கனடா நாள் ஆட்டத்துக்கு வாங்கியிருந்த நுழைவுச்சீட்டை, “இவர்கள் எங்கே வெல்லப் போகிறார்கள்” என்று சொல்லி உடன் வேலை செய்பவருக்குக் கொடுத்துவிட்டேன். ஜூலை 1ஆம் திகதி ஸ்பிரிங்கர், மூன்று பேஸ்களும் நிறைந்திருக்கையில் அடிக்கும் கிராண்ட் ஸ்லாம் உட்பட இரண்டு ஹோம் ரன் அடித்து ஏழு ஓட்டங்களைக் கொண்டுவந்தார். யாங்கீஸை 12-5 என்று வென்றோம். அந்த நான்கு ஆட்டங்களையும் வென்றோம். 1993இல் ஜோ கார்ட்டர் அடித்த இரவு நான் அரங்கத்துக்கு வெளியே நின்றேன், இந்த முறையும் வெளியேதான்.

இனி மோர்னிங்சைட் தம்பிக்கு ஒரு விளக்கம். உங்கள் மாமனாரின் கேள்வி நல்ல கேள்வி, ஆனால் ஒப்பீடு சரியில்லை. கிரிக்கெட்டில் மறுமுனையில் நிற்பவர் உயரப் பிடிக்கப்பட்ட பந்துக்காகத் திரும்பி ஓட வேண்டியதில்லை. பேஸ்போலில் பந்து நிலத்தில் படாமல் பிடிபட்டால், ஓட்டக்காரர் தன் பேஸுக்குத் திரும்பிக் காலை வைத்தே ஆக வேண்டும். அதற்கு முன் பந்து அங்கே வந்துவிட்டால் ஒரே அடியில் இருவர் ஆட்டமிழப்பார்கள். மூன்றாம் பேஸில் நிற்பவர் கோட்டுக்கு வெளியே நிற்பதுகூட, அடித்த பந்து தன் மேல் பட்டால் ஆட்டமிழக்கக் கூடாது என்பதற்காகவே. பந்து வீசப்படும் வேளையில் அவர் இரண்டு மூன்று எட்டு ஹோம் பக்கமாக நடந்து வர வேண்டும். மட்டையில் பட்ட கோணத்தைப் பார்த்து, தரையில் என்றால் பாய வேண்டும், காற்றில் என்றால் திரும்ப வேண்டும். பேஸ்கள் நிறைந்திருக்கும்போது ஹோம் பிளேட்டில் அவரைத் தொட வேண்டியதுகூட இல்லை, பந்தைப் பிடித்தபடி கேட்சரின் கால் பிளேட்டில் இருந்தால் போதும். ஆகவே அங்கே சறுக்குவதால் பயனில்லை, நேராக ஓடிக் கடப்பதே வேகம் என்பது என் கருத்து. அடுத்த பருவத்தில் மாமாவை அழைத்துச் சென்றால், மூன்றாம் பேஸ் பக்கத்து மேல்தள இருக்கைகளை வாங்குங்கள். விலை குறைவு, ஓட்டக்காரரின் கால்களும் தெளிவாகத் தெரியும். முதல் மூன்று இன்னிங்ஸுக்குப் பந்தைப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சியில் அது ஒருபோதும் தெரியாது.

ஐந்நூறாம் தளம்

ஐயா, உங்கள் விளக்கம் சரி, ஆனால் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கைனர்-ஃபலேஃபா தானாக ஒட்டி நிற்கவில்லை. வேகமாக அடிக்கப்பட்ட பந்து நேரே பிடிபட்டு இருவர் ஆட்டமிழந்துவிடக் கூடாது என்பதற்காக, பேஸோடு நெருங்கி நிற்கும்படி தங்களுக்குச் சொல்லப்பட்டதாக அவரே பின்னர் தெரிவித்தார். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது முந்தைய இரவு அரங்கத்தில் இருந்த எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-1 என்று பின்னால் நின்றோம். பார்ஜர் அடித்த பந்து இடது-மையச் சுவரின் அடிப்பகுதிக்குப் போனது. முதல் பேஸில் இருந்த ஸ்ட்ரோ ஓடி முடித்தார், பார்ஜரும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார், அரங்கம் அதிர்ந்தது, நான் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அந்த மனிதரின் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தேன்: டொட்ஜர்ஸின் மையக்கள வீரர் பந்தைத் தொடாமல் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நிற்கிறார். பந்து சுவரின் மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டது. விதிப்படி இரண்டு பேஸ் மட்டும். ஸ்ட்ரோ மூன்றாம் பேஸுக்குத் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு கிளெமென்ட் முதற்பந்திலேயே உயர்த்தி அடித்துப் பிடிகொடுத்தார். ஹிமெனெஸ் அடித்ததை என்ரிக்கே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தபோது, பார்ஜர் திரும்பி வரப் பிந்திவிட்டார். ஆட்டம் முடிந்தது.

முதல் நாள் இரவு ஓர் எட்டு கூடுதலாக வந்து நின்றதால் தோற்றோம். மறுநாள் ஓர் எட்டு குறைவாக நின்றதால் தோற்றோம். இதில் யாரைக் குறை சொல்வீர்கள்?

கட்டிப்பிடித்த கைகளை எப்படி விலக்கிக்கொள்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மோர்னிங்சைட் வாசி

ஐயாவின் விளக்கத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப முதல் நாள் பயம் அடுத்த நாள் காலைப் பிடிச்சிருக்கு” என்றார். ஐந்நூறாம் தளம் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் உள்வட்ட வீரர்கள் முன்னேறி நிற்கும் நேரத்தில் ஓர் அரை எட்டாவது கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் போக மறுக்கிறது. மருமகள் சொன்ன அந்தத் தீபாவளி இரவை நான் மறந்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருக்கைகளைப் பற்றி நான் கேட்கவில்லை, ஆனாலும் நன்றி ஐயா.

மழைக்கூரை

எல்லோரும் பின்பாதியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏழாவது ஆட்டம் நழுவியது ஒன்பதாவது இன்னிங்ஸின் முன்பாதியில் அல்லவா?

எனக்கு பிஷெட்டைத்தான் பிடிக்கும். செப்டெம்பர் 6ஆம் திகதி யாங்கீஸின் கேட்சரோடு மோதி முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டு, முந்தைய இரு சுற்றுகளிலும் விளையாடாமல் இருந்தவர். அவர் இல்லாமலேதான் 94 வெற்றியோடு யாங்கீஸுக்குச் சமமாக முடித்து, அவர்களை நேருக்கு நேர் 8-5 என்று வென்றிருந்த கணக்கில் பிரிவைக் கைப்பற்றினோம். உலகத் தொடருக்குத் திரும்பி வந்தபோது, பழகாத இரண்டாம் பேஸில் நின்று விளையாடினார். ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் ஓட்டானி வீசிய பந்தை அவர் மைதானத்துக்கு வெளியே அனுப்பியபோது மூன்று ஓட்டங்கள். அவர் அன்று பேஸ்களைச் சுற்றி ஓடவில்லை; ஒற்றைக் காலைக் காத்துக்கொண்டு நடந்தார் என்றே சொல்ல வேண்டும். இந்த ஹோம் ரன் காலமெல்லாம் காட்டப்படும் என்று என் மகளிடம் அப்போதே சொன்னேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு பேரை வீழ்த்தினால் போதும் என்ற நிலையில், டொட்ஜர்ஸின் அடிப்பவர் வரிசையில் கடைசி ஆளான ரோகாஸ் வந்தார். அவர் அடித்த ஹோம் ரன்தான் ஆட்டத்தை 4-4 ஆக்கியது.

ஆட்டத்தைப் பதிவுசெய்திருந்தேன். மகள் அதை அவர் மட்டையோடு வரும் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். பதிவுப்பெட்டி நிரம்பிவிட்டது, எதையாவது அழிக்கும்படி திரையில் நாள்தோறும் அறிவிப்பு வருகிறது. போன வாரம் என் கணவர் தன்னுடைய இரண்டு தொடர் நாடகங்களை அழித்தார்.