பைக்கில் சைலன்சர் மாற்றியவர்கள், புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரை என்ன செய்தீர்கள்?

பாம்பன் வாடை:
இன்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்போடு சேர்த்து ஃபுல் சிஸ்டம் வாங்கியிருந்தேன். கம்பெனி பைப்பில் சென்சார் முறுக்குவதற்கு ஒரு நட்டு வைத்து வெல்டு செய்திருப்பார்கள் இல்லையா, புதியதில் அது இல்லவே இல்லை. ராமநாதபுரத்தில் மாட்டிக் கொடுத்தவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் கனெக்டரைக் கழற்றாமலே சென்சாரை ஃபிரேமோடு நைலான் டேக் போட்டுக் கட்டிவிட்டார். "மீட்டர்ல லைட் எரியாது தம்பி, அதுதானே வேணும்?"

லைட் எரியவில்லைதான். ஆனால் லிட்டருக்கு 38 கொடுத்த வண்டி 26க்கு வந்துவிட்டது. எங்கே நின்றாலும் பச்சைப் பெட்ரோல் வாடை.

ஒரு சாயங்காலம் பாம்பன் ரோடு பாலத்தில் நிறுத்தினேன். நிறுத்தக் கூடாது, தெரியும், எல்லோரும் நிறுத்துகிறோம். புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி மேலே போய்க்கொண்டிருந்தது. பழையது ஓடிய காலத்தில் இரண்டாகப் பிரிந்து விரிந்தது. இது முழுசாக ஒரே துண்டாக ஏறுகிறது. இன்ஜினை அணைக்காமல் வேடிக்கை பார்த்தேன். நைலான் கருகும் வாடை. குனிந்து பார்த்தால் டேக் இளகி, சென்சார் ஒயரில் ஆடிக்கொண்டிருக்கிறது. யோசிக்காமல் பிடித்துவிட்டேன். விரல் நுனித் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றில் தொங்குகிற சாமான் எப்படி அப்படிச் சுடும்? இதுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை.

தொண்டி ரோடு:
பைப் சூடு தம்பி, வேறென்ன. சென்சார் தானாகவா சுடும்? நான் ஓட்டையில் போல்ட் போட்டு மூடி, கனெக்டரைக் கழற்றிப் பரணில் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மீட்டரில் மஞ்சள் லைட் எரிந்துகொண்டே இருந்தது, ராத்திரியில் கண்ணைக் குத்தும். கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டினேன். பிரச்சினை முடிந்தது. இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?

கீழக்கரை காக்கா:
தொண்டி ரோடு அண்ணே, தானாகத்தான் சுடும். ஒயரை எண்ணிப் பாருங்கள். நாலு ஒயர் என்றால் அதில் இரண்டு ஹீட்டருக்கு. சென்சார் 300 டிகிரிக்கு மேல் காய்ந்தால்தான் வேலை செய்யும். புகைச் சூட்டுக்குக் காத்திராமல் சீக்கிரம் காயட்டும் என்றுதான் உள்ளேயே ஹீட்டர் வைக்கிறார்கள். தம்பி பிடித்தது எரிகிற அடுப்பை. மைலேஜ் விழுந்ததும் அதே கதைதான். வெளிக்காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் இசியூவிடம் சொல்லும், அது நம்பி ஊற்றும். எவ்வளவு ஊற்றினாலும் பதில் மாறாது, புகையே அதன் மேல் படவில்லையே.

என் கதை சின்னது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தினமும் கடற்கரை ரோட்டில் ஓடிய வண்டி. ஆறின இன்ஜினில் சென்சாரைக் கழற்றப் போனேன். கிரீச்சென்று ஒரு சத்தம், மரை சுருள்சுருளாகக் கூடவே வந்துவிட்டது. உப்பு தின்ற மரை. அந்தச் சத்தம் இன்னும் பல்லைக் கூச வைக்கிறது.

அதனால் சொல்கிறேன். இன்ஜின் கொஞ்சம் சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். முதலில் கனெக்டரைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் ஒயர் முறுக்கி உள்ளேயே அறுந்துவிடும். ஒயர் நுழைய வாய் பிளந்த சாக்கெட் விற்கிறது, அதை வாங்குங்கள். நட்டை வெல்டு செய்யும்போது சென்சாரை அதில் விட்டுவைக்காதீர்கள், கூடவே பேட்டரியையும் கழற்றுங்கள். சென்சார் படுத்த மாதிரி இருக்கக் கூடாது, தலை மேலே சாய்ந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் பைப்பில் கோக்கும் தண்ணீர் அதற்குள் இறங்கும். மரையில் செப்புப் பேஸ்ட் தடவினால் நுனியில் படாமல் பாருங்கள். சிலிக்கான் கம் பக்கத்திலேயே போகாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தால்...

தேவிபட்டினம் 155:
காக்கா, மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் யார் கேட்டது?

எனக்கு சென்சார் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் ப்ளக் கரி பிடித்துக்கொண்டே இருந்தது. சென்சார் போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். மறுபடியும் கரி. மறுபடியும் மாற்றினேன். இரண்டு சென்சார் காசு போன பிறகு, ஒரு காலையில் வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சாமி மாடத்து ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பெண்ட் பைப் இன்ஜினில் சேரும் இடத்தில் பிடித்தேன். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை அங்கே மட்டும் துடித்தது. ஒரு துடிப்பு வெளியே, ஒரு துடிப்பு உள்ளே. சைலன்சர் மாற்றியவர் இணைப்பை அடைக்கும் பழைய கேஸ்கெட் வளையத்தையே போட்டிருக்கிறார். அந்த இடுக்கில் உறிஞ்சிய காற்று சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. புது கேஸ்கெட், நூறு சொச்சம் ரூபாய். அம்மா இன்னும் ஊதுவத்தி எங்கே என்று கேட்கிறாள்.

ராமேஸ்வரம் ரைடர்:
நீங்கள் சென்சாரைப் பற்றி அழுகிறீர்கள். என்னைத் தங்கச்சிமடம் தாண்டி நிறுத்தினார்கள். "சத்தம் ஏன் இப்படி?" "டிபி கில்லர் பையில் இருக்கு சார்." சைலன்சர் வாயில் செருகிச் சத்தத்தைக் குறைக்கும் அந்தக் குழாயை எடுத்தும் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "வாயில் போட வேண்டிய மாத்திரையைச் சட்டைப் பையில் வச்சா காய்ச்சல் போகுமா?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 வரை அபராதம் போடலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகலாம். எனக்கு எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

பாம்பன் வாடை:
காக்கா, ஹீட்டர் விஷயம் இப்போதுதான் புரிகிறது. நன்றி. பிறகு லேத்தில் 12க்கு 1.25 மரை நட்டு கடைந்து வெல்டு செய்துவிட்டேன். பழைய சென்சாரை முறுக்கியதும் பி0135 என்ற பிழைக் குறியீடு காட்டியது. ஹீட்டர் சர்க்யூட். தொங்கியபோது ஒயர் எங்கோ பிய்ந்திருக்கிறது. புதியது போட்டபின் 36 வருகிறது.

தொண்டி ரோடு அண்ணே, உங்கள் டேப்பை ஒரு தடவை உரித்துப் பாருங்கள். அந்த லைட் சென்சாருக்கு மட்டும் இல்லை. வேறு எது போனாலும் அதே லைட்தான்.

தொண்டி ரோடு:
உரித்தேன். லைட் எரியவில்லை. சாவி போட்டால் எல்லா லைட்டும் ஒரு தடவை எரிந்து அணையுமே, அப்போதும் எரியவில்லை. எத்தனை மாதமாக இப்படியோ.