'லிட்டரலி செத்துட்டேன்': தப்பா, சரியா?

வைகைக்கரை:
யூடியூப் விமர்சனம் ஒன்றில் ஒருவர், "கிளைமாக்ஸ்ல நான் லிட்டரலி செத்துட்டேன்" என்கிறார். செத்தவர் வீடியோவும் போட்டிருக்கிறார்! லிட்டரலி என்றால் மிகையில்லாமல், சொன்ன சொல்லின் நேர்ப்பொருளில் என்று அர்த்தம். லத்தீனில் எழுத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'நான் அளக்கவில்லை' என்று சொல்வதற்கு இருந்த சொல்லை வைத்தே அளந்தால் எப்படி?

பழையபேட்டை:
இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது இல்லை அண்ணே. ஆங்கில எழுத்தாளர் பிரான்சஸ் புரூக் 1769இல் எழுதிய நாவலிலேயே இப்படி வருகிறது. 1876இல் வந்த 'டாம் சாயர்' நாவலில், வேலிக்கு வெள்ளையடிக்க ஆசைப்பட்டு வந்த பையன்களிடம் டாம் பொருள்களைக் கறந்துகொள்கிறான். உடனே அவன் 'லிட்டரலி' செல்வத்தில் புரண்டான் என்கிறார் மார்க் ட்வைன். அந்தச் செல்வம் என்ன? கோலி, காற்றாடி, ஒரு செத்த எலி!

வைகைக்கரை:
ட்வைன் நக்கலுக்கு எழுதியது அது. அமெரிக்க எழுத்தாளர் அம்புரோஸ் பியர்ஸ் 1909இல் பிழைப் பயன்பாடுகளுக்கென்றே ஒரு சிறு நூல் போட்டார். மிகைப்படுத்துவதே மோசம், அந்த மிகையை உண்மை என்று சாதிப்பதைப் பொறுக்கவே முடியாது என்கிறார் அதில். எனக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பழையபேட்டை:
அதே 1909இல்தான் வெப்ஸ்டர் பேரகராதி இந்தப் பொருளைச் சேர்த்தது. ஆக்ஸ்ஃபோர்டு சேர்த்தது 2011இல். அதையும் 2013இல்தான் பத்திரிகைகள் கவனித்துக் கூச்சல் போட்டன.

சரி, 'வெரி'யை எடுங்கள். பழைய பிரெஞ்சில் 'உண்மையான' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. இன்று 'ரொம்ப' என்பதற்கு மேல் அதில் என்ன மிச்சம்? 'ரியலி'யும் அதே வழியில்தான் போனது. அதற்கெல்லாம் யாரும் அழவில்லை. நாமும் "சத்தியமா செத்துட்டேன்டா" என்கிறோம். யாராவது சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார்களா?

வரிவரியாய்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சப்டைட்டில் எழுதுகிறவன். வீட்டு உரிமையாளர் தன்னை 'லிட்டரலி' வெளியே தள்ளினார் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொல்கிறார். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாரா, காலி செய்யச் சொன்னாரா? படமாக இருந்தால் காட்சியைப் பார்த்து முடிவு செய்யலாம். இது வெறும் ஆடியோ நேர்காணல்.

பழையபேட்டை:
அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் அதே சந்தேகம்தானே இருக்கும்?

வைகைக்கரை:
தம்பி, சந்தேகம் வரக்கூடாது என்றுதானே அந்தச் சொல்லைப் போடுவதே! போட்ட பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் அது எதற்கு?

பழையபேட்டை:
சொல்பவரின் ஆத்திரம் நமக்குத் தெரிவதற்கு. அதுவும் ஒரு வேலைதானே. கழுத்தைப் பிடித்தார் என்று சொல்ல நினைப்பவர் கழுத்தைப் பிடித்தார் என்றே சொல்லிவிடுவார்.

வைகைக்கரை:
அப்படியானால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரும் ஆத்திரத்தைத்தான் காட்டுகிறாரா? வரிவரியாய், கடைசியில் என்ன எழுதினீர்கள்?

வரிவரியாய்:
"வீட்டை விட்டே துரத்திட்டார்." எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.