பீட்டர் லாலர் சுரங்கத் தொழிலாளர்களைக் கைவிட்டாரா?

தெற்குவாசல்:
அயர்லாந்திலிருந்து 1852-இல் ஆஸ்திரேலியா போன பீட்டர் லாலரை உழைப்பாளிகளின் நாயகன் என்று இங்கே பலர் கொண்டாடுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 1854-இல், அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த விக்டோரியாவின் பாலரட் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர்கள் ஏற்றிய தென்சிலுவைக் கொடியின் கீழ் மண்டியிட்டு, அவர்களோடு நின்று உரிமைக்காகப் போராடுவதாகச் சத்தியம் செய்தவர்தான். இரண்டே வருஷத்தில் விக்டோரியா சட்டசபையில், சொத்து உள்ளவனுக்குக் கூடுதல் ஓட்டு என்பதை ஆதரித்தாரே! இது துரோகம்.

செம்மண்:
துரோகம் பெரிய வார்த்தை நண்பரே. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தோண்டுவதற்கு மாதாமாதம் லைசன்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். சீட்டு இல்லாதவனைப் போலீஸ் குழிகுழியாகத் துரத்திப் பிடிக்கும். அதைத்தான் அவர் எதிர்த்தார். 1854 டிசம்பர் 3, ஞாயிறு விடியற்காலை, தொழிலாளர்கள் பாலரட்டில் எழுப்பியிருந்த யுரேகா அரணுக்குள் ராணுவம் புகுந்தது. இடது தோளில் குண்டு பாய்ந்து விழுந்தவரை மரப்பலகைகளைப் போட்டு மூடி மறைத்தார்கள். பிறகு பாதிரியார் வீட்டில் வைத்துக் கையையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவரைப் பிடித்துக் கொடுத்தால் 200 பவுண்டு என்று அரசு அறிவித்தும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. சொத்துடைமை கூடாது என்று அவர் எப்போது சொன்னார்? நிலப் புரட்சி பேசியவர் அவருடைய அண்ணன் ஜேம்ஸ் ஃபின்டன். இருவரையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

தெற்குவாசல்:
அவர் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. யுரேகாவுக்குப் பிறகு மாதக் கட்டணம் போய், வருஷத்துக்கு ஒரு பவுண்டில் உரிமைச் சீட்டு வந்தது. அதோடு ஓட்டும் வந்தது. இருபது பேருக்கு மேல் செத்து வாங்கிய ஓட்டு ஐயா! அதன் மதிப்பைக் குறைக்கும் ஏற்பாட்டுக்கா ஆதரவு? பாலரட்டில் கொதித்துப் போனார்கள். அப்புறம் வேறு தொகுதிக்குத்தான் போனார். 1873-இல் கிளூன்ஸ் ஊரில் லோதேர் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தச் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர் யார்? இதே லாலர். வேலைநிறுத்தத்தை உடைக்கச் சீனத் தொழிலாளர்களை வண்டிகளில் ஏற்றி, போலீஸ் காவலோடு அனுப்பினார்கள்.

மழைக்காகம்:
அந்த வண்டிகள் மேல் கல்லெறிந்ததையும் சொல்லுங்கள். கல்லடி பட்டது நிர்வாகம் இல்லை, பிழைப்புத் தேடி வந்த சீனர்கள். இரண்டு தரப்புமே அவர்களை மனுஷராக நடத்தவில்லை.

செம்மண்:
கிளூன்ஸ் விஷயத்தில் அவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் தன் நிலையை அவர் மறைக்கவில்லை. குடியரசுவாதமும் பொதுவுடைமையும்தான் ஜனநாயகம் என்றால் நான் ஜனநாயகவாதி இல்லை, கொடுங்கோன்மையை எதிர்ப்பதுதான் ஜனநாயகம் என்றால் என்றைக்கும் ஜனநாயகவாதி என்று வெளிப்படையாகவே சொன்னார். 1880 முதல் 1887 வரை சபாநாயகராக இருந்தவர், சர் பட்டம் தேடி வந்தும் வேண்டாம் என்றார்.

தெற்குவாசல்:
சொன்னார், சரி. எப்போது? ஜெயித்துச் சபைக்குள் போன பிறகு. 1855-இல் எதிர்த்து ஒருவர்கூட நிற்காமல் பாலரட் அவரைத் தேர்ந்தெடுத்தது. அவ்வளவு நம்பினார்கள். அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.