ஒன்றரை ஆண்டு வெள்ளமும் ஓடை வடிவமைப்பும்

ஓடைக்கரையான்:
இயற்கை ஓடை வடிவமைப்பு, அதாவது சிதைந்த ஓடையை இயற்கை ஓடையின் வடிவத்தைப் பார்த்து மீண்டும் வெட்டும் முறை, கற்க வந்த மாணவி ஒருவருக்கு இங்கே ஒருவர் நேற்று அறிவுரை வழங்கியிருந்தார்: "கரையில் பேங்க்ஃபுல் மட்டத்தைக் கண்டுபிடிக்கப் பழகு, அந்த நீரளவு சராசரியாக ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வரும், மற்றதெல்லாம் வெறும் கணக்கு." பேங்க்ஃபுல் என்பது ஓடை தானே உருவாக்கிய தடத்தை நிரப்பும் நீர்மட்டம்; வெட்டும் தடத்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கலிஃபோர்னியாவின் ஊவாஸ் ஓடையில் 1995 நவம்பரில் இந்த முறையில்தான் ஏறத்தாழ 900 மீட்டர் நீளத்துக்கு, வளைந்து நெளிந்து செல்லும் புதிய ஓடையை வெட்டினார்கள். 1996 பிப்ரவரி வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. அதுவும் ஊழிப் பெருவெள்ளம் அன்று; ஏறத்தாழ ஆறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதே. இந்த ஒன்றரை எங்கிருந்து வந்தது என்று அந்த மாணவிக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

முழங்கால்நீர்:
அந்த "ஒருவர்" நான்தான்; பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ஒன்றரை என்பது நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்பனை செய்த எண் அன்று. அமெரிக்க ஆற்றியல் அறிஞர் லூனா லியோபோல்ட் போன்றவர்கள் நீரளவு நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு நிறுவியது அது; இந்த வடிவமைப்பு முறையைப் பரப்பிய டேவ் ரோஸ்கன் 1994இல் வெளியிட்ட ஆற்று வகைப்பாடும் பேங்க்ஃபுல் மட்டத்தை வைத்துத்தான் அகலத்தையும் ஆழத்தையும் அளக்கச் சொல்கிறது. ஊவாஸில் ஓடையின் வகையைத் தவறாக இனங்கண்டார்கள் என்றால் அது செய்தவர்களின் குற்றம். சட்டை இறுக்கமாகிவிட்டது என்பதற்காகத் தையல்காரரின் அளவு நாடாவையா உடைப்பீர்கள்?

ஓடைக்கரையான்:
அளவு நாடா எல்லா ஊரிலும் ஒரே நீளமாக இருக்கும், ஐயா. ஆற்று ஆய்வாளர் கார்னெட் வில்லியம்ஸ் 1978இல் பல ஆறுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பேங்க்ஃபுல் ஓட்டம் திரும்ப வரும் காலம் 1.01 ஆண்டிலிருந்து 32 ஆண்டு வரை பரந்து கிடந்தது. உங்கள் ஒன்றரை அதற்குள் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. நான் பயிற்சிக்குப் போனபோது, ஒரே வளைவில் நான்கு பேரிடம் கம்பிக் கொடிகளைக் கொடுத்து பேங்க்ஃபுல் மட்டத்தில் நடச் சொன்னார்கள். ஒருவர் மணல் திட்டின் மேல்விளிம்பில் நட்டார்; ஒருவர் வேர்கள் வெளித்தெரியும் இடத்தில் நட்டார்; மூன்றாமவர் சரிந்த கரையின் உச்சிக்கே ஏறிவிட்டார்; நான் பயிற்றுநர் முகத்தைப் பார்த்து நட்டேன். முதல் கொடிக்கும் மூன்றாவது கொடிக்கும் இடையில் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. அந்த ஒரு முழத்தில் எத்தனை ஒன்றரை ஆண்டுகள் அடங்கும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். கணக்குதான் எளிது என்றீர்களே.

செம்மண்மேடு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். "பேங்க்ஃபுல்" என்று எழுதாமல் "கரைநிறை ஓட்டம்" என்று தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

முழங்கால்நீர்:
கரைநிறை என்று எழுதினால் படிப்பவர் கரையின் உச்சியைத்தான் நினைப்பார். ஆழமாக அரித்துப்போன ஓடையில் பேங்க்ஃபுல் மட்டம் உச்சிக்கு வெகு கீழே கிடக்கும். மூன்றாவது கொடிக்காரர் செய்த தவறும் அதுவே. அவருக்கு ஓடைக்கரையான் என்று பெயராக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன்.

ஓடைக்கரையான்:
நான்காவது கொடி என்னுடையது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன். படிக்காமல் பதில் எழுதுவது சென்ற ஆண்டு மரவேர்க் கட்டை விவாதத்திலிருந்தே உங்கள் வழக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு வாருங்கள். அங்கே மாவு ஆலைகளுக்காகவும் மர அறுவை ஆலைகளுக்காகவும் கட்டிய அணைகளின் பின்னால் சேர்ந்த வண்டலை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடைகளையே "இயற்கை வடிவம்" என்று எண்ணி நகலெடுத்து வந்தார்கள். நிலவியலாளர்கள் வால்டரும் மெரிட்ஸும் 2008இல் அந்த வண்டலுக்கு அடியில் பழைய சதுப்புநிலத்தின் கருமண் படலத்தைக் காட்டினார்கள். பிக் ஸ்பிரிங் ரன் என்ற இடத்தில் 2011இல் மேல்வண்டலை அள்ளி அகற்றிச் சதுப்பையே மீட்டார்கள். அங்கே உயர்ந்த கரையில் நின்று எந்த ஒன்றரை ஆண்டைத் தேடியிருப்பீர்கள்?

முழங்கால்நீர்:
பென்சில்வேனியா, ஊவாஸ், பயிற்சிக் கொடி என்று ஊர் சுற்றுகிறீர்கள். மறுநாள் காலை பொக்லைன் ஓட்டுநர் வந்து "எத்தனை அடி அகலம் வெட்டட்டும்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வில்லியம்ஸின் 32 ஆண்டுகளையா படித்துக் காட்டுவீர்கள்? ரோஸ்கனைக் குறை சொல்லும் பேராசிரியர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

செம்மண்மேடு:
நான் வேலை செய்யும் வட கரோலினாவில் பீட்மாண்ட் என்ற மலையடிவாரப் பகுதிக்கெனத் தனி வளைகோடுகளே இருக்கின்றன; நீர்ப்பிடிப்பின் பரப்பைக் கொண்டு பேங்க்ஃபுல் அகலத்தையும் ஆழத்தையும் காட்டும் வரைபடங்கள் அவை. ஊர்ப்புறத்துக்கு ஒன்று, நகர்ப்புறத்துக்கு ஒன்று. ஒரே பரப்பு நீர்ப்பிடிப்பு என்றாலும் நகரத்து ஓடைக்கு அகலம் கூடுதலாக வரும். இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கரைநிறைக்கும் எவரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

ஓடைக்கரையான்:
வளைகோடும் யாரோ நட்ட கொடியிலிருந்து வரைந்ததுதான். பொக்லைன்காரரிடம், "மேற்புறத்திலிருந்து எவ்வளவு சரளை உருண்டு வருகிறது என்று தெரியும்வரை எஞ்சினை அணைத்து வை" என்பேன். ஊவாஸில் அப்படி யாராவது சொல்லியிருந்தால் மூன்று மாதத்தில் அந்தக் கூத்து நடந்திருக்காது. ஒன்றரைக்கு இன்னும் பதில் வரவில்லை.

முழங்கால்நீர்:
ஒன்றரைக்கு முதல் பதிவிலேயே பதில் சொல்லிவிட்டேன். வாடகைக்கு எடுத்த பொக்லைனை அணைத்துவைத்தால் அதற்கும் மணிக்கணக்கில் காசு ஓடும் என்பது கரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

ஓடைக்கரையான்:
முதல் பதிவு என்னுடையது.