போன கிழமை தூக்கில் போட்ட ஆள் இந்தக் கிழமை எப்படி உயிரோடு?

வெள்ளவத்தைப் பிள்ளை:

அப்பாவுக்கு 79 வயது. பகல் சாப்பாடு முடிந்ததும் யூடியூபில் ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய அமெரிக்கக் கௌபாய்த் தொடரைப் போட்டுக் கொடுக்காவிட்டால் வீட்டில் நிம்மதி இல்லை. காலி வீதி பஸ் சத்தத்தை மேவித் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். நானும் உடுப்பு மடித்தபடி பக்கத்தில் இருந்து பார்ப்பேன். நேற்று கரகரத்த குரலில் ஒரு நெடுவல் வந்து நின்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்: “இவனைப் போன கிழமை தூக்கில போட்டவங்கள் எல்லோ!”

உண்மைதான். அன்று கொள்ளைக்காரன், இன்று மனைவியைப் பறிகொடுத்த கமக்காரன். இப்படி ஏழெட்டு முகங்கள் மாறி மாறி வருகின்றன. பெயரோ வாசித்து முடிக்க முதல் ஓடிவிடுகிறது. இவர்கள் மாதச் சம்பளக்காரரா? அங்கே நடிகருக்கு அவ்வளவு பஞ்சமா? இதில் குடும்பம் நடத்த முடிந்ததா?

கொட்டாஞ்சேனைக் கிழவன்:

பிள்ளை, நெடுவலும் கரகரத்த குரலும் என்றால் அது பெரும்பாலும் மோர்கன் வுட்வர்ட். கன்ஸ்மோக்கில் மட்டும் 19 தடவை வந்தவர். நிலையான வேடம் இல்லாமல் வந்துபோகும் வேறு எந்த விருந்து நடிகரும் அத்தனை தடவை வந்ததில்லை. கூடுதலாகக் கெட்டவன்தான்.

நடிகருக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். தொடக்க காலத்தில் ஒரு சீசனுக்கு 39 எபிசோட். 1959 வாக்கில் மாலையில் இப்படியான கௌபாய்க் கதைகள், அதாவது வெஸ்டர்ன் தொடர்கள், 25க்கு மேல் ஓடின. ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு ஒரு வில்லன் வேண்டும். குதிரை ஏறத் தெரியவேண்டும், வசனம் பிசகக்கூடாது, முகத்தைப் பார்த்ததும் ‘ஆள் சரியில்லை’ என்று தெரியவேண்டும். அப்படி ஒருவன் கிடைத்தால் விடுவார்களா? இன்று இந்தத் தொடர், அடுத்த கிழமை ‘வாகன் ட்ரெய்ன்’, அதற்கடுத்தது ‘பொனான்சா’. மாதச் சம்பளம் இல்லை, வந்து நடித்த எபிசோட்டுக்குத்தான் காசு.

இதை நான் கொஞ்சம் உள்ளிருந்தே சொல்வேன். இளவயதில் வானொலி நாடகங்களில் துண்டு வேடங்களுக்குக் குரல் கொடுத்தவன் நான். ஒரே நாடகத்தில் தபால்காரன், பொலிஸ்காரன், சாகக் கிடக்கும் பெரியப்பா, மூன்றும் நான்தான். பெரியப்பாவுக்குக் கன்னத்தில் ஒரு பாக்கை ஒதுக்கிக்கொள்வேன். பொலிஸ்காரனுக்கு மைக்கை விட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவேன். கடைசியில் பெயர் வாசிக்கும்போது நேரம் போதாமல் என் பெயர் விடுபட்டது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. போகட்டும்.

கன்ஸ்மோக்கும் 1952இல் வானொலியில் தொடங்கியதுதான். அதில் கதாநாயகன் மார்ஷல் டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். என்ன குரல்! 1955இல் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது உடம்பு பருமன் என்று அவரை விட்டுவிட்டு ஜேம்ஸ் ஆர்னஸைப் போட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு ஆர்னஸ் மேல் கொஞ்சம் கோபம், பாவம் அவர் என்ன செய்வார்.

இன்னொரு வில்லன் நடிகர் ஜாக் ஈலமையும் கவனித்துப் பாருங்கள், இடக்கண் ஒரு பக்கமாக விலகி நிற்கும். சின்ன வயதுச் சண்டையில் பென்சில் குத்திப் பார்வை போன கண். ஆள் கணக்காளராக இருந்தவர். கணக்கேடு பார்த்தே மற்றக் கண்ணும் கெட்டுவிடும் என்று வைத்தியர்கள் எச்சரித்த பிறகுதான் நடிக்க வந்தார். அந்தக் கண்ணே அவருக்குச் சோறு போட்டது.

கொச்சிக்கடைத் தம்பி:

ஐயா, அப்போ இப்ப யூடியூபில் ஓடுகிறதற்கெல்லாம் அவர்களுக்குக் காசு வந்திருக்குமா?

கொட்டாஞ்சேனைக் கிழவன்:

இல்லை தம்பி. மறு ஒளிபரப்புக்குக் காசு இருந்தது, ஆனால் சில தடவைகளோடு நின்றுவிடும். எத்தனை தடவை போட்டாலும் காசு என்ற ஒப்பந்தத்தை அமெரிக்க நடிகர் சங்கம் 1974இல்தான் வாங்கியது. கன்ஸ்மோக் 635 எபிசோடோடு 1975இல் முடிந்தது. கணக்கை நீங்களே போடுங்கள்.

நிலையாக ஒரு வேடம் கிடைத்தவன் பாக்கியவான். கன்ஸ்மோக்கில் வரும் லாங் பிராஞ்ச் மதுக்கடையில் கோப்பை துடைக்கும் சாம் இருக்கிறாரே, அவர் கிளென் ஸ்ட்ரேஞ்ச். 1940களில் மூன்று படங்களில் ஃபிராங்கன்ஸ்டைன் பூதமாக வந்தவர். பிறகு 1973இல் இறக்கும்வரை அந்த மதுக்கடைதான் அவருக்கு.

வத்தளை வாசகி:

பொனான்சாவின் சமையல்காரர் ஹொப் சிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடிகர் பெயர் விக்டர் சென் யுங். 1972இல் விமானக் கடத்தல் ஒன்றில் அகப்பட்டுச் சூடுபட்டுப் பிழைத்தவர். 1974இல் உண்மையாகவே சீனச் சமையல் புத்தகம் எழுதினார். 1980இல் வீட்டில் எரிவாயு கசிந்து இறந்துபோனார். எனக்கு ஒரு குறை உண்டு. செவ்விந்தியர் வேடத்துக்குக்கூடப் பெரும்பாலும் முகத்தில் மை பூசிய வெள்ளையரைத்தான் போட்டார்கள். ‘லோன் ரேஞ்சர்’ தொடரில் செவ்விந்தியத் தோழன் டொன்டோவாக வந்த ஜே சில்வர்ஹீல்ஸ் மோஹாக் இனத்தவர், கனடாவில் பிறந்தவர். அவர் 1960களில் லொஸ் ஏஞ்சலிசில் பூர்வகுடி நடிகர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பட்டறை தொடங்கினார். அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை.

வெள்ளவத்தைப் பிள்ளை:

ஐயா, நன்றி. வுட்வர்ட் படத்தைத் தேடி அப்பாவிடம் காட்டினேன், அவரேதான். சாம்தான் பூதம் என்பதை மட்டும் நம்பமாட்டேன் என்கிறார். “சாம் நல்ல மனிசன்” என்று அதோடு கதையை முடித்துவிட்டார். அப்புறம் ஐயா, விடுபட்ட அந்த மூன்று நாடகங்களின் பெயர் என்ன? அப்பா அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டியை விட்டு எழும்பாதவர். உங்கள் பெரியப்பா சாகிறதைக் கேட்டிருப்பார்.