விகடகவியைத் தவறு என்று சொன்ன நிரல்

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, கோடை விடுமுறையில் இரண்டு வாரத் தொழில்நுட்ப முகாம் ஒன்றில் சேர்ந்து நிரலாக்கம் கற்றேன். அங்கே நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பற்றித்தான் இங்கே விரிவாகப் பகிர விரும்புகிறேன். மற்றவை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எவருக்கும் நடக்கக்கூடியவை என்பதால் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன்.

முதல் வாரம் முழுவதும் பைத்தான் மொழியின் அடிப்படைகள். முதல் நாளில் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டும் நிரலை எழுதி, 7, 5 என்று கொடுத்தபோது 12 வரவேண்டிய இடத்தில் 75 வந்தது. விசைப்பலகையில் நாம் தட்டுவது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்துத் தொடராகவே வாங்கிக்கொள்கிறது; எண்ணாக மாற்று என்று நாம் சொல்லாதவரை, கூட்டல் குறியைக் கண்டதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. மூன்றாம் நாள், 1 முதல் 100 வரை ஒருவர் நினைத்த எண்ணை, அது இருக்கக்கூடிய வரம்பை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், அதிகம் போனால் ஏழு முயற்சிகளில் கண்டுபிடிக்கும் விளையாட்டை எழுதினோம். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 வருவதால் 100 அதற்குள் அடங்கிவிடுகிறது என்பது புரிந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனாலும் அவையெல்லாம் பயிற்றுநர் கொடுத்த கணக்குகள். விடை அவரிடம் முன்பே இருந்தது.

இரண்டாம் வாரத்தில், இருவர் இருவராகச் சேர்ந்து சொந்தமாக ஒரு நிரல் எழுத வேண்டும் என்றார்கள். நானும் என் இணையும், ஒரு சொல்லைத் திருப்பிப் படித்தாலும் அதே சொல் வருகிறதா என்று சோதிக்கும் நிரலைத் தேர்ந்தெடுத்தோம். சொல்லை வாங்கி, [::-1] என்று எழுதித் திருப்பி, இரண்டையும் ஒப்பிட்டால் போதும்; நான்கு வரியில் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் லெவல் (level), ரேடார் (radar) ஆகிய சொற்களைத் தட்டினோம். இரண்டுக்கும் 'சரி' என்று வந்தது. பிறகு நான் மகிழ்ச்சியோடு தமிழில் 'விகடகவி' என்று தட்டினேன். நிரல் 'தவறு' என்றது.

தட்டியதில் பிழை இருக்கும் என்று மூன்று முறை திரும்பத் தட்டினேன். 'குடகு' கொடுத்தேன், தவறு. 'காக்கா' கொடுத்தேன், அதுவும் தவறு. பயிற்றுநரிடம் காட்டியபோது, அது தமிழ் எழுத்துருச் சிக்கலாக இருக்கும், ஆங்கிலச் சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இறுதி நாள் காட்சிக்கு அதுவே போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவருக்கு அன்று முப்பது பேரைக் கவனிக்க வேண்டியிருந்தது என்பதை இப்போது புரிந்துகொள்கிறேன். ஆனாலும் அந்தப் பதில் என்னை வருத்தியது. அது சரியான பதிலும் அல்ல. எழுத்துரு என்பது திரையில் வரைந்து காட்டுவதோடு சரி, ஒப்பிடும் வேலையில் அதற்குப் பங்கே கிடையாது.

உதவிப் பயிற்றுநராக வந்திருந்த கல்லூரி மாணவி ஒருவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைப்போம். அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எது தவறு என்கிறது என்று மட்டும் பார்க்காதே, எதைச் சரி என்கிறது என்று தேடிப் பார்" என்றார். அரை மணி நேரம் தேடிய பிறகு 'கனக' என்ற சொல்லுக்குச் 'சரி' என்று வந்தது. குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாக எழுதிப் பார்த்தோம். ஒரு பக்கம் விகடகவி, குடகு, காக்கா. இன்னொரு பக்கம் தனியாகக் கனக. என் இணைதான் முதலில் கண்டுபிடித்தான்: "கனகவில் காலும் இல்லை, கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை."

அக்கா அடுத்து, சொல்லில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஒரு லூப்பில், அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அச்சிடச் சொன்னார். விகடகவிக்கு ஐந்து வரிகள் வரும் என்று எதிர்பார்த்தேன், ஏழு வந்தன. முதல் வரியில் வெறும் வ. இரண்டாம் வரியில், புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டத்தின் மேல், 'வி'யில் வரும் வளைவான மேல்விலங்கு தனியாக நின்றது. பிறகு க, ட, க, வ, மறுபடி மேல்விலங்கு. ஒவ்வொன்றின் யுனிகோட் எண்ணையும், அதாவது கணினி அதை அடையாளம் காணும் எண்ணையும், கேட்டபோது 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007 என்று வந்தது. இந்த வரிசையைத் திருப்பினால் 3007 முன்னால் வந்து நிற்கிறது. முதலில் தொற்றிக்கொள்ள எழுத்தே இல்லாமல் ஒரு மேல்விலங்கு. அதற்குப் பின் வ, க, ட. இன்னொரு மேல்விலங்கு நடுவில் இருந்த க மீது ஏறிக் 'கி' ஆகிவிட்டது. நான் கேட்டதை நிரல் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. 'எழுத்து' என்று நான் நினைத்ததும் கணினி வைத்திருந்ததும் வேறு வேறாக இருந்தன.

இலக்கண வகுப்பில் க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்தால் க ஆகும் என்று படித்திருக்கிறோம். யுனிகோடில் இது தலைகீழ். அங்கே க என்பதற்குத்தான் சொந்த எண் இருக்கிறது. க் என்பது அந்தக் க-வுக்குப் பின்னால் 3021 என்ற எண்ணுடைய புள்ளியை வைப்பதால் கிடைப்பது. கி, கு, கை எவற்றுக்கும் தனி எண் கிடையாது. 247 எழுத்துகளையும் சிறு வயதிலிருந்தே வாசித்துவந்த எனக்கு, ஓர் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரு விதியாகச் சொல்லத் தெரியவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரிந்தது, சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. அந்த ஒரு பிற்பகலுக்காகவே அந்த முகாமை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

விதியை நாங்களே எழுதினோம். ஆ முதல் ஔ வரையிலான பதினோரு உயிர்க்குறிகளும் புள்ளியும் சேர்த்துப் பன்னிரண்டு துணைக்குறிகள். சொல்லை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். வருவது துணைக்குறியாக இருந்தால் கையில் இருக்கும் எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் கையில் இருப்பதை லிஸ்டில், அதாவது எழுத்துகளின் பட்டியலில், போட்டுவிட்டுப் புதிய எழுத்தைத் தொடங்க வேண்டும். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 முதல், மதிப்புகளைச் சேமித்துவைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று அக்கா சொன்னதால், 'எழுத்துகள்', 'துணைக்குறிகள்' என்றே பெயரிட்டோம். நிரலுக்குள் தமிழ்ச் சொற்களைப் பார்த்தபோது ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

ஓடவிட்டோம். விகடகவி இன்னும் தவறு. அதைவிட மோசமாக, நேற்றுவரை சரியாக இருந்த கனகவும் தவறு. என் இணை சோர்ந்து மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். லிஸ்டை அச்சிட்டுப் பார்த்தால் கனகவுக்கு க, ன என்று இரண்டே எழுத்துகள். அடுத்த எழுத்து தொடங்கும்போதுதான் முந்தையதை லிஸ்டில் போடுகிறோம். கடைசி எழுத்துக்குப் பின் எதுவும் தொடங்குவதில்லை. ஆகவே அது கையிலேயே தங்கிவிடுகிறது. லூப் முடிந்த பிறகு, கையில் இருப்பதையும் லிஸ்டில் போடும் ஒரு வரியைச் சேர்த்தோம். விகடகவி சரி, குடகு சரி, காக்கா சரி. நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு ஆசை பெருகியது. 'தேரு வருதே' கொடுத்தபோது நடுவில் இருந்த இடைவெளி கெடுத்தது. ஒப்பிடுவதற்கு முன் இடைவெளிகளை நீக்கினோம். 'தோடு ஆடுதோ' என்று நானே ஒன்றைக் கட்டினேன். அதைச் சரி என்று நிரல் ஒப்புக்கொண்ட பிறகு, அக்கா இன்னொரு நுணுக்கத்தைக் காட்டினார். 'தோ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பு ஓர் எண், கால் ஓர் எண் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் வேறு வேறு என்று வரும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானிலேயே இருந்ததால் அதையும் சேர்த்துக்கொண்டோம்.

இறுதி நாள் காட்சியில் பயிற்றுநர் எங்கள் மேசையில் வெகுநேரம் நின்று, வந்தவர்களுக்கு அந்த ஏழு எண்களை எழுதிக் காட்டும்படி எங்களிடம் சொன்னார். அப்போது ஒரு சிறுமி 'க்ஷ' என்று தட்டி, இதில் எத்தனை எழுத்து என்று கேட்டாள். எங்கள் நிரல் க், ஷ என்று இரண்டாகப் பிரித்தது. அவள் பள்ளியில் அதை ஓர் எழுத்தாகத்தான் படித்திருந்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். "அதைக் கணினியிடம் கேட்க முடியாது, நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றார். அன்று மாலை மற்றவர்கள் கணினிகளை அணைத்துக்கொண்டிருந்தபோது, க் என்பதற்குப் பின் ஷ வந்தால் இரண்டையும் சேர்த்துவிடு என்ற நிபந்தனையை எழுதி, அதன் மேல் ஒரு குறிப்பு வரியும் வைத்தோம்: # க்ஷ இங்கே ஓர் எழுத்தாகக் கொள்ளப்பட்டுள்ளது.